நிலை எடுக்கிறவர்

அந்த ஊரில் ஆற்றைப் பார்த்து யாரும் அவ்வளவாகப் பயந்ததில்லை. அவரைப் பார்த்துத்தான் பயந்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆறு என்னவோ வருஷா வருஷம் கரையைக் கடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தது. தெருத் தெருவாக விழுங்கி ஏப்பம் விட்ட ஆறு அது. அதன் எதிரிலேயே நின்று பல் விளக்குவார்கள், துணி உலர்த்துவார்கள், சண்டை போடுவார்கள். ஆனால் தோளில் ஒரு கித்தான் பையோடு இந்த ஒல்லி மனிதர் தெருமுனையில் திரும்பினால் போதும், போட்டது போட்டபடி உள்ளே ஓடுவார்கள். யார் வீட்டுக்குப் போகிறார் என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பார்கள். தங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் மூச்சு வரும்.

தொழில் என்னவோ தச்சுதான். ஆனால் அவர் புதிதாக ஒரு நாற்காலி செய்து யாரும் பார்த்ததில்லை. ஆறு நெருங்கிவிட்ட வீடுகளில் கதவையும் ஜன்னலையும் நிலையோடு பெயர்த்து எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. செங்கல்லும் சுவரும் போனால் போகட்டும், மரத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. தள்ளி எங்கேயாவது வேறு வீடு கட்டும்போது அதே நிலையை அங்கே நிறுத்துவார்கள். அவரை நேரில் "நிலைக்காரரே" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் "கழட்டி" என்றார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும்.

வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்வார். முதலில் கதவைக் கீலிலிருந்து விடுவிப்பார். பிறகு நிலையைச் சுற்றியிருக்கும் பூச்சை உளியால் மெல்லக் கொத்துவார். மேலே சுவர் உட்கார்ந்துவிடாமல் இரண்டு முட்டுக்கட்டை கொடுப்பார். சுவருக்குள் போயிருக்கும் இரும்புப் பட்டையை அறுத்து, நிலையை முழுசாக உருவி வெளியே எடுப்பார். வலது எது, இடது எது, மேல்பக்கம் எது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிடுவார். வீட்டுக்காரர்கள் அந்தச் சமயத்தில் பெரும்பாலும் அழுதுகொண்டிருப்பார்கள். அவர் ஆறுதல் சொல்ல மாட்டார். "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்பார். அழுகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

அவர் எடுத்த முதல் நிலை அவருடைய வீட்டு நிலைதான். அப்போது கல்யாணம் ஆன புதிது. அவர் அப்பா கட்டிய வீடு ஆற்றிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்ததாம். ஆறு வளைந்து திரும்புகிற இடம் அது. வளைவின் வெளிப்பக்கம் நீர் முட்டி முட்டி அரிக்கும். அரித்த மண்ணை எதிர்க்கரையில் கொண்டுபோய்க் கொட்டும். இங்கே தெரு குறையக் குறைய அங்கே மணல்மேடு வளர்ந்தது. புல் முளைத்தது, புதர் வந்தது, ஆடு மேய்ந்தது. இந்தக் கரைக்காரர்கள் தங்கள் கொல்லை மண்ணில் எதிர்க்கரை ஆடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைவிட வயிற்றெரிச்சல் வேறு வேண்டுமா? அவருக்கு இருபத்தைந்து வயதானபோது அந்த நாலு தெருவும் போய், அவர் வீடு ஆற்றைப் பார்த்த வீடாகிவிட்டது. "வாசக்கதவையாவது எடுத்துடுங்க. உங்கப்பா பாத்து வச்ச மரம்" என்று மனைவி சொன்னாள். எடுத்தார். அழகாக எடுத்தார். அதுதான் வினையாகிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டார், அப்புறம் வேறு வேலைக்கு யாருமே கூப்பிடவில்லை.

ஆரம்பத்தில் ஜனங்கள் முடிவு செய்தபிறகு இவரைக் கூப்பிட்டார்கள். போகப் போக அது தலைகீழாகிவிட்டது. இவர் வந்தால்தான் முடிவு என்று ஆகிவிட்டது. கழட்டி வந்துவிட்டானா, அந்த வீடு போச்சு. கழட்டி இன்னும் வரவில்லையா, இந்த வருஷத்துக்குப் பயமில்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். "ஏங்க, கூப்பிட்டாத்தான் நான் வர்றேன். ஆத்துக்கும் எனக்கும் என்னங்க பேச்சுவார்த்தை?" என்று சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு யாரும் அவரை அழைப்பதில்லை. தவறி அழைத்தாலும், வாசலில் நின்று நிலையை அவர் நிமிர்ந்து பார்த்தார் என்றால் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடாது. மனைவி உடம்பு சரியில்லாமல் போய்ச் சேர்ந்தபிறகு அவர் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை. அவரும் மகளும்தான். மகளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். சுமாராகத்தான் பின்னுவார். அவள் பள்ளிக்கூடம் போய் அவிழ்த்துச் சரி செய்துகொள்வாள், திரும்பும்போது மறுபடி கோணலாகப் பின்னிக்கொண்டு வருவாள். அப்பா மனசு நோகக் கூடாதாம்.

அந்த மகள் போய்க் கரைத்தெருவில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள்.

ஊரில் எத்தனை தெரு இல்லை! ஆற்றை ஒட்டிய கடைசி வரிசையில்தானா காதல் வர வேண்டும்? பையன் தங்கமானவன், பஸ் பட்டறையில் மெக்கானிக். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய அப்பா கடிகாரம் பழுது பார்க்கிறவர், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. வீடு மட்டும்தான் குறை. அதை எப்படிச் சொல்வது? இவர் வாயால் சொன்னால் அதுவே தீர்ப்பாகிவிடும். வாயை மூடிக்கொண்டு சம்மதித்தார். கல்யாணத்தன்று கடிகாரக்காரர் எல்லோர் எதிரிலும் அவர் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

"சம்பந்தி, நம்ம வீடு உங்க வீடு. எப்ப வேணா வாங்க, எத்தனை நாள் வேணா இருங்க. அந்தப் பையை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில், ஒரு வேலை முடித்துத் திரும்பும் வழியில் மகளைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. தோளில் பை இருந்ததை மறந்தே போனார். தெருவில் பாதி நடப்பதற்குள் அமளி. எதிர்வீட்டு அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டவே ஆரம்பித்துவிட்டாள். கடிகாரக்காரர் வாசலுக்கு வந்து, "என் வீட்டு நிலை மேல கண்ணு வச்சா நல்லாயிருக்காது சம்பந்தி" என்று சத்தம் போட்டார். மகள் கூனிக் குறுகி உள்ளே நின்றாள். மறுநாள் அவளே தேடி வந்தாள்.

"அப்பா, நீங்க அங்க வரவேணாம்ப்பா. நானே வாரா வாரம் மார்க்கெட்டுக்கு வர்றேன். அங்க பாத்துக்கலாம்."

"சரிம்மா."

"கோபமா?"

"கோபம் என்னடா கண்ணு. கூப்பிடாத வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமே இல்லையே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் அழுதுவிட்டாள்.

அப்புறம் சில வருஷங்களுக்கு அப்பாவும் மகளும் மார்க்கெட் டீக்கடை பெஞ்சில்தான் சந்தித்தார்கள். தன் மகள் எந்த அறையில் தூங்குகிறாள், எந்த அடுப்பில் சமைக்கிறாள் என்று தெரியாமல் ஒரு மனிதர் அதே ஊரில் வாழ்ந்தார். கடிகாரக்காரருக்கு வாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டதும், மகள் அவரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வதும் பெஞ்சில் கேட்ட செய்திகள். "கொல்லையில எவ்ளோ இடம் இருக்கும்மா இப்ப?" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நிறைய இருக்குப்பா" என்பாள். அடுத்த வருஷம், "துவைக்கிற கல்லு வரைக்கும் இருக்குப்பா" என்றாள்.

பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. கரைத்தெரு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினார்கள். கடிகாரக்காரரைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். தண்ணீர் ஜன்னல்வரை ஏறி நின்றது. பிறகு வெயில் அடித்தது, நீர் மளமளவென்று இறங்கியது. வீடுகள் அப்படியே நின்றன. ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்ச் சேறு கழுவ ஆரம்பித்தார்கள்.

நிலைக்காரருக்கு அந்த வெயில்தான் பிடிக்கவில்லை. ஏறுகிற வெள்ளத்தில் கரை விழுந்து அவர் அதிகம் பார்த்ததில்லை. தண்ணீர் ஏறி நிற்கும்போது கரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். கரை ஊறி ஊறிக் கனத்துப்போன நேரத்தில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிட்டால் தாங்க ஆளில்லை. மண் அப்படியே சரியும். அவர் அப்பா வீடு போனதும் இப்படி ஒரு வெயில் நாளில்தான்.

மகளிடம் சொல்லியாக வேண்டும். எப்படி? பையோடு போனால் சம்பந்தி கதவைத் திறக்க விடமாட்டார். கட்டிலில் கிடக்கிற மனுஷன், படபடப்பில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியும் மகள் தலையில் விழும். ரொம்ப நேரம் யோசித்து, விருந்தாளியாகப் போவது என்று முடிவு செய்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பையை ஆணியில் மாட்டிவிட்டு, வழியில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டார். மெல்ல உட்கார்ந்து, பக்குவமாகப் பேசி, சாயங்காலத்துக்குள் எல்லோரையும் கிளப்பிவிடலாம். நல்ல எண்ணம்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

தெருமுனையில் திரும்பியதும் துடைப்பங்கள் நின்றன. எல்லோரும் அவர் தோளைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு தள்ளுவண்டியில் சாமான்களோடு அப்போதுதான் வந்து, இறக்குவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணே, பை எங்க?"

"இன்னைக்கு விருந்தாளிம்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா, அண்ணன் வெறுங்கையோட வந்திருக்காரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவிவிட்டு, மூட்டைகளை இறக்க ஆரம்பித்தாள். யாரோ சிரித்தார்கள். யாரோ அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அந்தத் தெருவில் அவருக்கு வணக்கம் விழுந்தது அதுதான் முதல் தடவை.

மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். இது கூடம்ப்பா, இது எங்க ரூம், இந்த அலமாரி அவரே அடிச்சது, கோணலா இருக்குன்னு சொல்லாதீங்க என்று வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மாப்பிள்ளை பட்டறைக்குப் போயிருந்தான். கடிகாரக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி இடது கையை நீட்டினார். நாக்கு கொஞ்சம் குழறியது, கேலி மட்டும் குழறவில்லை.

"இத்தனை வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க சம்பந்தி? பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டு அப்படியே கைகழுவிட்டீங்களே!"

"வரச் சொன்னீங்களா நீங்க?"

"சம்பந்தி வீட்டுக்கு வர்றதுக்குப் பத்திரிகை அடிச்சா கூப்பிடுவாங்க?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மகள் டீ கொண்டுவந்தாள். டீ குடித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சம்பந்தி ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, ஒற்றைக் கையால் அதைச் சரிசெய்த கதையைச் சொன்னார். நடுவில் எப்படி வெட்டுவது? கதை முடிந்ததும் சொல்லலாம். கதை முடிந்தபோது மகள் தட்டை வைத்துவிட்டாள். சாப்பிடும்போது இதைப் பேசுவார்களா? சாப்பிட்டதும் சொல்லலாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. அதுகூட அவருக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் போடும்மா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் வைய வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனிடம், எழுந்திரு என்று யார் சொல்வது?

கை கழுவக் கொல்லைப்புறம் போனார். துவைக்கிற கல் ஆற்றுப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம், வீட்டுச் சுவருக்கு நாலடியில், தரையில் நீளமாக ஒரு வெடிப்பு. பக்கத்து வீட்டுக் கொல்லையிலும் அதே வெடிப்பு நேராகப் போயிற்று. குனிந்து விரலை விட்டார். விரல் முழுதும் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது ஈரமாக இருந்தது.

அப்புறம் பக்குவமும் இல்லை, ஒன்றுமில்லை. மகளைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். "இப்பவே கிளம்பணும். சாயங்காலம்னு கூட இல்ல. இப்பவே."

அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் கடிகாரக்காரர் பிடிகொடுக்கவில்லை. "வெறுங்கையோட வந்தீங்கன்னு நம்பினேனே சம்பந்தி! சோத்தைத் தின்னுட்டு இப்பக் கழட்டுற பேச்சா?" என்று கத்தினார். ஆள் பருமன் வேறு. இருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீங்க போய் ஒரு வண்டியும் ரெண்டு ஆளும் கூட்டிட்டு வாங்கப்பா. நான் சொன்னா கேப்பாரு. அதுக்குள்ள சமாதானம் பண்ணி வைக்கிறேன்."

"நீ வாசல்ல வந்து நில்லும்மா. உள்ள இருக்காத."

"மாமாவை விட்டுட்டு எப்படிப்பா நிக்கறது? நீங்க சீக்கிரம் போங்க."

தெருவில் ஓடினார். ஓடிக்கொண்டே, எல்லோரும் கிளம்புங்க, கரை வெடிச்சிருக்கு என்று கத்தினார். எதிர்வீட்டு அம்மா சிரித்தாள். "பை இல்லாம வந்து பயங்காட்டுறீங்களே அண்ணே!" என்றாள். நின்று சொல்ல நேரமில்லை. பெரிய ரோட்டில் ஆட்டோக்காரர்கள் சேற்றுக்குள் வண்டி விடமாட்டோம் என்றார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு சின்ன டெம்போவையும் மூட்டை தூக்கும் இரண்டு பேரையும் பிடித்தார். டெம்போ தெருமுனைக்கு வந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கனத்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கி ஓடிப் பார்த்தால், ஆற்றுப்பக்கத்து வரிசையில் மகள் வீட்டையும் சேர்த்து நாலு வீடு இல்லை. பாதி ரோடும் இல்லை. எதிர்வீட்டு அம்மா மிச்சமிருந்த பாதி ரோட்டில் ஒரு குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

கடிகாரக்காரரின் உடல் மறுநாள் வளைவுக்கு அப்பால் கிடைத்தது. மகள் கிடைக்கவில்லை. நிலைக்காரர் எதிர்க்கரை மணல்மேடு முழுக்கத் தேடிக்கொண்டு நடந்தார். இந்தக் கரை மண்ணெல்லாம் அங்கேதானே போய்ச் சேரும். பார்த்தவர்கள் முதலில் கூட நடந்தார்கள், பிறகு கரையில் நின்று பார்த்தார்கள், பிறகு தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

துக்கம் கேட்க எதிர்வீட்டு அம்மா வந்தாள். "பையோட வந்திருக்கக் கூடாதா அண்ணே? பையை மட்டும் கொண்டு வந்திருந்தா தெருவே காலி ஆகியிருக்குமே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பழி சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அதை அவரே அவரிடம் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது.

மாப்பிள்ளைக்குப் போக இடமில்லை. இவருக்குக் கூட இருக்க ஆளில்லை. ஒருநாள் அவனே துணிமணி ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவன் வேலைக்குப் போவான், வருவான். அவர் சமைப்பார். இருவரும் சமையலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே வாய் திறந்தான். பல நாளாக மனசுக்குள் வைத்து ஒத்திகை பார்த்த பேச்சு என்று கேட்டாலே தெரிந்தது.

"மாமா, ஊர்ல ஆளாளுக்கு ஏதேதோ சொல்றாங்க. எனக்கு உங்க மேல துளிகூட வருத்தம் இல்ல. நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவ எவ்ளோ சந்தோஷமா இருந்தான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குப் போன் பண்ணினா மாமா. எனக்கும் கரையை நினைச்சு மனசு கேக்காம, பட்டறை வேனுக்குச் சொல்லி வச்சிருந்தேன். நாலு பேரோட வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடலாம்னு. அவதான் வேன் வேணாம்னுட்டா. 'எங்கப்பா வந்திருக்காரு, வெறுங்கையோட வந்திருக்காரு, ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்திருக்காரு, இனி நமக்கு என்ன பயம், நீங்க வேலையை முடிச்சுட்டே வாங்க'ன்னா. அப்படிச் சிரிச்சுப் பேசி நான் கேட்டதே இல்ல மாமா. அந்தச் சிரிப்போட இருந்தான்னு நினைச்சுத்தான் நான் மனசைத் தேத்திக்கிறேன். நீங்களும் அப்படியே நினைச்சுக்கங்க."

ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வேன் எந்நேரத்துக்கு வர்றதா இருந்துச்சு மாப்ளே?" என்று கேட்டார் நிலைக்காரர்.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கே வந்திருக்கும் மாமா."

அவர் மாப்பிள்ளையின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். அந்த நேரத்தில் தான் மகளிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.